பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்க வேண்டியதில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பெண்கள் மட்டும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆண்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே எழுதுகிறோம். பிள்ளை பிறந்த முதல் சில கிழமைகளில் பால் கொடுக்கும்போது தாய்க்கு உண்டாகிற நோவைப் பற்றித்தான் பேசப்போகிறோம். "இதையெல்லாமா முகநூலில் எழுதுவது" என்று நினைப்பவர்கள் முதல் நான்கைந்து பந்திகளையாவது வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் கேட்கப்படும் கேள்விகள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆணா பெண்ணா? நோர்மலா சீசரா? எத்தனை கிலோ? யாருடைய சாயல்? உம்மாவுக்குப் பால் இருக்கா? இந்தக் கடைசிக் கேள்வியோடு தாயைப் பற்றிய விசாரணை முடிந்துவிடும். பால் இருக்கிறதா என்று கேட்பவர்கள் நூறு பேர். "பால் கொடுக்கக்குள்ள நோகுதா மகள்?" என்று கேட்பவர் ஒருவர் இருந்தால் பெரிய விஷயம். அந்தப் பிள்ளை தானாக வாய் திறந்து நோகிறது என்று சொன்னாலும் பதில் தயாராக இருக்கும்: "முதல்ல அப்படித்தான் இருக்கும். ரெண்டு கிழமையில பழகிரும். எங்களுக்கு நோகல்லயா?"

இந்தப் பதிலில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் பிள்ளை பெற்ற பெண்களை அழவைக்கிறது.

உண்மையான பாதி என்ன? முதல் சில நாட்களில், பிள்ளை வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் ஒரு கூச்சமும் இழுப்பும் நோவும் இருக்கலாம். பால் வரத் தொடங்கியதும் அது தணிந்துவிடும். ஒரு கிழமை, பத்து நாளுக்குள் பெரும்பாலும் இல்லாமலே போய்விடும். இதற்குப் பழக்கம் என்று பெயர் சொன்னால் சரி.

ஆனால் பிள்ளை குடித்து முடிக்கும் வரைக்கும் நோவு நிற்கவில்லை, முலைக்காம்பு வெடித்திருக்கிறது, இரத்தம் கசிகிறது, நாளுக்கு நாள் கூடுகிறது, அடுத்த தடவை பிள்ளை அழுதால் நெஞ்சு படபடக்கிறது என்றால் அது பழக்கத்தால் தீராது. எங்கேயோ ஒன்று சரியில்லை. கண்டுபிடித்தால் பெரும்பாலும் திருத்திவிடலாம். (முலைக்காம்பு என்ற சொல்லை எழுதும்போது எங்களுக்கும் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனால் எங்கே நோகிறது என்று சொல்ல ஒரு சொல் வேண்டுமே. சொல் இல்லாத இடத்தில் டொக்டரிடம் போய் "அங்க நோகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர்.)

எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தி. கெட்டிக்காரி, ஏ.எல்.லில் உயிரியல் படித்தவள். அவளுக்கு முதல் பிள்ளை கிடைத்துப் பன்னிரண்டாம் நாள், நாங்கள் மூன்று ஆசிரியைகள் பார்க்கப் போனோம். கதைத்துக்கொண்டு இருக்கும்போதே தொட்டிலில் பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. அவளுடைய முகம் மாறிவிட்டது. பிள்ளை அழுகிறதே என்ற பதற்றம் இல்லை அது, பயம். பிள்ளையை எடுத்து மடியில் வைத்தாள், துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிகிறது. பக்கத்தில் இருந்த மூத்தம்மா முதுகைத் தடவி, "பொறு மகள், சுவர்க்கம் சும்மாவா கிடைக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதில் சந்தேகம் இல்லை.

எங்களில் ஒருவர் மற்ற எல்லாரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். இரண்டு பக்கமும் வெடிப்பு. பிள்ளை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு இழுக்கிறது. பன்னிரண்டு நாளில், நாளுக்கு எட்டு பத்துத் தடவை. கணக்குப் பாடம் எடுப்பவர்கள் பெருக்கிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டோம். அன்று வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர், பிள்ளை குடிக்குதா என்று கேட்டார்கள், ஓம் என்றேன், அதோடு துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள் என்றாள். அந்தப் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸுக்கு அங்கிருந்தே கோல் எடுத்தோம். அடுத்த நாள் காலை வந்தார். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. ஒரு தலையணையை மடியில் வைத்தார், பிள்ளையைத் திருப்பிப் பிடித்தார், கொஞ்சம் பொறுத்து வாய் பெரிதாகத் திறந்ததும் சட்டென்று அணைத்து வைத்தார். அந்தப் பிள்ளை வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தது. வெடிப்பு ஆற ஒரு கிழமை அளவு எடுத்தது உண்மை. ஆனால் பல்லைக் கடிப்பது அன்றோடு நின்றது.

"டீச்சர், பிடிக்கிற விதத்திலதான் பிழை எண்டா, பன்னிரண்டு நாளா ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

அந்த மிட்வைஃப் செய்தது மந்திரம் இல்லை. விளங்கிக்கொள்ள ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். உங்கள் நாக்கின் நுனியால் மேல் அண்ணத்தைத் தடவுங்கள். முன்பக்கம் எலும்பு மாதிரிக் கடினமாக இருக்கும். நாக்கைப் பின்னே கொண்டுபோகப் போக மெத்தென்று ஆகும். பிள்ளையின் வாயும் அப்படித்தான். காம்பை மட்டும் கவ்வினால் அது அந்தக் கடினமான இடத்துக்கும் நாக்குக்கும் நடுவில் சிக்கி நசுங்குகிறது. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் உரசல். அதே பிள்ளை வாய் நிறைய, காம்பைச் சுற்றியுள்ள கரிய வட்டத்தையும் சேர்த்துக் கவ்வினால் காம்பு பின்னே அந்த மெத்தென்ற இடத்துக்குப் போய்விடும். அங்கே நசுங்காது. பாலும் நன்றாக வரும். ஆரம்ப நாட்களில் காம்பு வெடிப்பதற்கு முதல் காரணம் இந்தப் பிடிதான்.

அப்படியானால் எப்படிப் பிடிப்பது? பிள்ளையின் தலையை மட்டும் திருப்பிப் பால் கொடுக்கக் கூடாது. உங்கள் தலையை ஒரு தோள் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றைப் பார்க்க, தலையும் முதுகும் ஒரே நேராக இருக்க வேண்டும். தாய் குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாமல், முதுகைச் சாய்த்து வசதியாக இருந்துகொண்டு பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மூக்குக்கு நேரே காம்பு இருக்கட்டும். மேலுதட்டில் மெதுவாகத் தொட்டால் பிள்ளை கொட்டாவி விடுவது போல வாயைத் திறக்கும். அந்த நேரம் வரைக்கும் பொறுமை, அதன் பிறகு தாமதம் கூடாது. நாடி மார்பில் முட்டியிருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, கரிய வட்டம் கீழ்ப்பக்கத்தை விட மேல்பக்கம் கூடத் தெரிகிறதா என்று பாருங்கள். இவை சரியென்றால் பிடி சரி. குடித்து முடிந்து வாயிலிருந்து வரும்போது காம்பு ஒரு பக்கம் சீவிய மாதிரித் தட்டையாக இருந்தால் பிடி சரியில்லை. பிழையாகப் பிடித்துவிட்டால் இழுத்து எடுக்காதீர்கள். சின்ன விரலைச் சுத்தமாகக் கழுவி, பிள்ளையின் கடைவாயில் மெதுவாக விட்டால் உறிஞ்சல் விடுபடும். திரும்ப வையுங்கள். பத்துத் தடவை என்றாலும் திரும்ப வையுங்கள்.

சீசர் செய்தவர்களுக்கு மடியில் வைத்தால் தையல் நோகும். அவர்கள் சரிந்து படுத்துக்கொண்டு கொடுக்கலாம், அல்லது பிள்ளையின் கால்கள் தாயின் கக்கத்துக்குப் பின்னால் போகும்படி பக்கவாட்டில் பிடிக்கலாம். தையலில் பாரம் விழாது.

வெடித்த இடத்துக்குப் பெரிய மருந்து தேவையில்லை. கொடுத்து முடிந்ததும் தாய்ப்பாலையே இரண்டு துளி பிழிந்து தடவிக் காற்றில் உலரவிடுவது போதும். குளிக்கும்போது சவர்க்காரம் போட்டு அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், இன்னும் வெடிக்கும். நோவு குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தாங்க முடியாவிட்டால் பனடோல் போடலாம், பால் கொடுக்கும் தாய்க்கு அது பாதுகாப்பானது. "மருந்து போட்டா பால் கெட்டிரும்" என்று பனடோலைக் கூடத் தடுத்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன.

இனிக் கொஞ்சம் மனத்தாங்கலான விஷயத்துக்கு வருகிறோம். பிடியைத் திருத்துவது இவ்வளவு லேசு என்றால் நம் வீடுகளில் ஏன் திருந்துவதில்லை?

எங்கள் பார்வையில் முதல் காரணம், பிள்ளை பார்க்க வருகிற கூட்டம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாள். மார்பில் பால் பெருகி இறங்குவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்கும் மார்பு கனத்து, சூடேறி, கல்லுப் போல ஆகிவிடும். இதற்கு ஒரே வழி, பிள்ளை அடிக்கடி குடிக்க வேண்டும், இருபத்து நாலு மணித்தியாலத்துக்குள் எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு தடவை. சரியாக அந்த நாட்களில்தான் முன் விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றி, அறைக்குள் ஏழெட்டுப் பேர். மாமி வீட்டார் ஒரு தொகுதி, வாப்பா பக்கம் ஒரு தொகுதி, அயல், பாடசாலைக்காரர்கள் (எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்). பிள்ளை கைக்குக் கை மாறும். பசித்து அழுதால் யாராவது தோளில் போட்டுத் தாலாட்டி உறங்க வைத்துவிடுவார்கள். தாய் இத்தனை பேருக்கு முன் எப்படி மார்பைத் திறப்பாள்? ஒரு நேரம் தள்ளிப்போகும், இரண்டாம் நேரமும் தள்ளிப்போகும். கூட்டம் கலையும்போது மார்பு இறுகிப் போயிருக்கும். இறுகிய மார்பைப் பிள்ளையால் வாய் நிறையக் கவ்வ முடியாது, வழுக்கி நுனிக்குப் போகும். பசியில் ஆவேசமாகக் கடித்து இழுக்கும். அன்றிரவு வெடிப்பு. அடுத்த நாள் நோவுக்குப் பயந்து தாய் நேரத்தைத் தள்ளிப்போடுவாள். மார்பு இன்னும் இறுகும். மூன்றாம் நாள் காய்ச்சல். "கண்ணேறு பட்டிரிச்சி" என்று ஓதிப் பார்ப்பார்கள். ஓதுவது நல்லது, ஓதட்டும். ஆனால் கதிரைகளையும் எடுத்து வையுங்கள்.

வந்தவர்கள் கொண்டுவருகிற பேபி செரமிப் பெட்டிகள் அலுமாரி நிறையக் கிடக்கும். ஏழாம் நாள் அகீகாவுக்கு வாருங்கள், முன் விறாந்தையில் சாப்பிட்டுவிட்டு துஆ செய்துவிட்டுப் போங்கள். அறைக்குள் போவதை நாற்பதுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன குறை?

இப்படி மார்பு இறுகிவிட்டால் பால் கொடுப்பதற்கு முன் விரல்களால் கரிய வட்டத்தைச் சுற்றி மெதுவாக அழுத்தி, கையால் கொஞ்சம் பாலைப் பிழிந்துவிட்டு அந்த இடம் இளகியதும் பிள்ளையை வைக்க வேண்டும். கொடுத்து முடிந்த பிறகு குளிர்ந்த துணி ஒத்தணம் வீக்கத்தையும் நோவையும் குறைக்கும். நம் வீடுகளில் கட்டி கரையும் என்று கொதிக்கக் கொதிக்க ஒத்தணம் கொடுத்து, உரலில் இடிக்கிற மாதிரிப் பிசைந்துவிடுவார்கள். அப்படி அழுத்திப் பிசைவது உள்ளே இன்னும் காயப்படுத்தி வீக்கத்தைக் கூட்டும். நல்ல கைப்பக்குவம் உள்ள உம்மாமார் இதை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மூத்தவர்கள் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. சரக்குத் தண்ணி, வெள்ளைப்பூடு, முருங்கையிலை, பால்சுறா என்று பார்த்துப் பார்த்துச் சமைத்துக் கொடுக்கிற கைகள் அவை. தாய் வயிறு நிறையச் சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் வேண்டும் என்பதை நாற்பது நாள் ஒழுங்காகவே ஆக்கி வைத்த அறிவு அவர்களுடையது. முந்திய காலத்தில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியும் கண்ணம்மாவும் அறைக்குள்ளேயே கிடந்து, கையால் பிடித்து, பிள்ளையை மார்பில் போட்டுக் காட்டிக் கொடுத்தார்கள். இப்போது சரக்குத் தண்ணி மட்டும் மிஞ்சியிருக்கிறது, காட்டிக் கொடுக்கிற கை போய்விட்டது. இளம் தாய் மூத்தம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் போனில் வீடியோ பார்க்கிறாள். வீடியோவில் வருகிற பெண்ணுக்கு இவளுடைய நோவு தெரியாது.

சீனித் தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர், தேன் தொட்டு வைப்பது இவையும் வேண்டாம். முதல் நாட்களில் வருகிற மஞ்சள் நிறச் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த பிள்ளையின் இரைப்பையும் அவ்வளவு சின்னதுதான், அது போதும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுப்பது ஆபத்து என்பதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியைச் சின்னப் பிள்ளையின் குடல் தாங்காது.

இரண்டாவது காரணம் வெட்கம். வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று படித்துக் கொடுப்பவர்கள் நாங்கள், அதைக் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் பூட்டிய அறைக்குள், பெண்கள் மட்டும் இருக்கும்போது, தன் உம்மாவுக்கும் மிட்வைஃபுக்கும் முன்னால் கூடப் போர்த்திக்கொண்டு பால் கொடுக்க வைக்கிற வெட்கம் எதற்கு? துப்பட்டாவுக்குள் பிள்ளை எப்படிப் பிடித்திருக்கிறது என்று தாய்க்கே தெரியாது. பழகிய பிறகு, இரண்டாம் மூன்றாம் மாதத்தில், கண்ணை மூடிக்கொண்டும் கொடுக்கலாம். முதல் கிழமைகளில் தாய் கண்ணால் பார்க்க வேண்டும், தெரிந்தவர் ஒருவரும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது, காசு கொடுக்கவும் தேவையில்லை. குடும்பநல உத்தியோகத்தர், நம் வாயில் மிட்வைஃப் மிஸ், பிரசவம் முடிந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். அதன் பிறகும் வருவார். வந்து என்ன பார்க்கிறார்? பல வீடுகளில் விறாந்தையில் வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, "உம்மாவும் பிள்ளையும் உறங்குறாங்க மிஸ், எல்லாம் நல்லா இருக்கி" என்று சொல்லி, கொப்பியில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறோம். அவரும் பாவம், அன்றைக்குப் பத்து வீடு போக வேண்டும். அடுத்த முறை அவர் வந்தால் நேரே அறைக்குக் கூட்டிப் போங்கள். "பால் கொடுக்கிறதைப் பார்த்துட்டுப் போங்க மிஸ்" என்று சொல்லுங்கள். பிள்ளை உறங்கினால் எழுப்புங்கள், ஒன்றும் ஆகாது. கண்டி, குருநாகல் பக்கம் இருக்கிற நம் உறவுகள், மிட்வைஃப் சிங்களம், எங்களுக்குப் பாஷை வராது என்று சொல்வதுண்டு. இதற்குப் பாஷை அவ்வளவு தேவையில்லை. கையும் கண்ணும் போதும்.

பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பாலூட்டலுக்கென்றே தனிப் பிரிவும் பயிற்சி பெற்ற தாதியரும் இருக்கிறார்கள். துண்டு வெட்டிய பிறகும் போய்க் கேட்கலாம்.

பிடியைத் திருத்தியும் நோவு போகவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். நாக்கின் அடியிலுள்ள சவ்வு கட்டையாக இருந்து நாக்கு வெளியே நீளாமல் இருக்கலாம். டொக்டர் பார்த்தால் சொல்வார், தேவையென்றால் லேசாக வெட்டிவிடுவார்கள். நன்றாக இருந்த நோவு திடீரென்று எரிவாகவும் ஊசி குத்துவது போலவும் மாறி, பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை இருந்தால் அது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். அப்போது தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து மருந்து எடுக்க வேண்டும்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, தொட முடியாமல் நோக, உடம்பு முறித்துக் குளிர் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். மருந்து எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். "காய்ச்சல் பால் பிள்ளைக்கு ஆகாது" என்று நிறுத்துவதுதான் பிழை. நிறுத்தினால் பால் உள்ளே தேங்கிச் சீழ் வைக்கும் வரைக்கும் போகலாம்.

ஆண்களே, உங்களுக்கு என்று ஒரு பந்தி.

சூரா அல்-பகராவின் 233 ஆவது வசனம் பற்றி ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள். இரண்டு வருடம் என்ற பகுதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மாமிமாருக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கும். அதே ஒரே வசனத்துக்குள்தான் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்பதும், யாரையும் தாங்க முடியாத அளவுக்குச் சுமத்தக் கூடாது என்பதும், பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயைத் துன்பப்படுத்தக் கூடாது என்பதும், இருவரும் கலந்து பேசி மனமொத்துப் பால் மறக்கடித்தால் குற்றமில்லை என்பதும் வருகிறது. கலந்து பேசுவது என்றால் கணவனுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது என்றுதானே அர்த்தம். நிபாஸ் காலத்தில் அவளுக்குத் தொழுகையே இல்லை, நோன்பும் பிறகுதான். படைத்தவனே தன் கடமையை அவளுக்காகத் தள்ளி வைத்திருக்கும்போது, அந்த நாட்களில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற அவள் எழும்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் யார்?

நம் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான். அதனால் பிள்ளைப் பெற்ற அறை உம்மாவுக்கும் மாமிக்கும் உரியது, தான் விருந்தாளி என்று பல வாப்பாமார் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது தூக்கிக் கொடுப்பது, தலையணையைச் சரிசெய்வது, ஒரு கப் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது, பிறகு தோளில் போட்டு ஏவறை எடுப்பது, இதில் எதற்கும் மாமியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கூட்டத்தை வாசலில் வைத்தே திருப்பி அனுப்புகிற வேலையையும் மாப்பிள்ளை செய்தால்தான் மரியாதையாக முடியும். "நோகுது எண்டா பால்மா வாங்கி வாறன்" என்று சைக்கிளை எடுக்க முதல் மிட்வைஃபுக்கு ஒரு கோல் எடுங்கள்.

பால்மா பற்றியும் சொல்ல வேண்டும். 2021, 2022 காலத்தில் பால்மாவுக்கு வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. தாய்ப்பால் எவ்வளவு பெரிய செல்வம் என்று அப்போது எல்லாரும் பேசினோம். 2016 இல் எடுத்த தேசிய ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள் என்று வந்தது. உலகத்திலேயே நல்ல கணக்கு. பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கணக்கு பிள்ளைகளின் கணக்கு. அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள் என்பதற்கு அதில் பத்தி இல்லை.

எல்லா முயற்சியும் செய்து, பிள்ளையின் நிறை கூடாமல், டொக்டர் சொல்லி ஒரு தாய் பால்மா கொடுக்கிறாள் என்றால், அவளை நோக்கி ஒரு வார்த்தை சொல்ல நமக்கு உரிமை இல்லை. சிலருக்கு நோய், சிலருக்கு மருந்து, சிலருக்கு உண்மையாகவே போதாது. பாலூட்ட இன்னொரு பெண்ணை ஏற்படுத்திக்கொள்ளவும் மார்க்கம் இடம் கொடுத்தது. நம் நபியவர்களே ஹலீமா நாயகியிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள். (இந்தக் காலத்தில் அயலில் ஒருவர் பால் கொடுப்பதாக இருந்தால் பால்குடி உறவு விஷயத்தை மௌலவியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கலியாண வயதில் தேட வேண்டி வரும்.) நாங்கள் எதிர்ப்பது ஒன்றைத்தான். யாரும் ஒரு தடவை கூடப் பார்க்காமல், திருத்தக்கூடிய நோவால் தோற்றுப்போய், இரகசியமாகப் போத்தல் கழுவுகிற நிலை. அப்படி நிறுத்திய தாய் உள்ளுக்குள் அழுதுகொண்டே இருப்பாள். நோவும் உறக்கமின்மையும் குற்ற உணர்வும் சேர்ந்தால் மனம் உடையும். பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால் ஷைத்தானின் ஊசலாட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்ப வேண்டாம். அவளைத் தனியே விடாமல் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம், தமிழில் கதைக்கலாம்.

பால் போதுமா என்ற பயம் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்தாம் ஆறாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக மூத்திரம் போகிறதா, இரண்டு கிழமை அளவில் பிறந்த நிறைக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். போனால் போதும். பம்பஸ் போட்டால் ஈரம் தெரியாது, முதல் கிழமை சீலைத் துணி நல்லது என்று ஒரு மிட்வைஃப் மிஸ் எங்களிடம் சொன்னார். சரியாகத்தான் படுகிறது.

கடைசியாக எங்கள் வேலைத்தலம். பத்தாம் பதினோராம் தரத்துச் சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் வருகிற பக்கத்தில் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிற வழக்கம் பல பாடசாலைகளில் இருக்கிறது. அந்த வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகளில் பலருக்கு ஐந்தாறு வருடத்தில் மடியில் பிள்ளை இருக்கும். ஒரு துணிப் பொம்மையும் தலையணையும் போதும், பிடிப்பது எப்படி என்று காட்டிவிடலாம், நாற்பது நிமிடம் கூட வேண்டாம். எங்கள் பாடசாலையில் ஓகஸ்ட் முதலாம் கிழமை, உலக தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, பெண் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய உம்மாமாருக்கும் மிட்வைஃப் மிஸ்ஸை அழைத்து ஒரு பீரியட் கேட்டிருக்கிறோம். பாடசாலை விடுமுறை வந்தால் மதரஸா மண்டபத்தில் வைக்கலாம் என்று பள்ளி நிருவாகத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் தந்தால் இன்னும் நல்லது.

பக்கத்து ஊர்களில் உள்ளவர்கள், உங்கள் பகுதி எம்.ஓ.எச் கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கீழே எழுதிவிடுங்கள். முதல் பிள்ளை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள் சிலர் இதை வாசிப்பார்கள். தங்கள் பகுதி மிட்வைஃப் யார் என்று தெரியாதவர்கள் இப்போதே போய், வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே, பெயரைப் பதிந்து இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.